நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூடியவர்

முதல் தடவை நான் அவரைப் பார்த்தபோது அவர் என் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார். புதிதாக எழுத வந்தவனுக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றலாம். எனக்கு ஓடி ஒளியத் தோன்றியது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போகும் பஸ். நான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு சதுரங்கப்பட்டினம் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு மறைமலை நகரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. ஊர் கருங்குழி. மீன் வாங்கித் தின்பதைத் தவிர எங்கள் குடும்பத்துக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்படிப்பட்ட நான், கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராத ஒரு பெண்ணைப் பற்றி நாவல் எழுதி, அது வெளிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எழுதுவதற்கு முன்னால் ஆறு முறை அந்தக் கரைக்குப் போயிருந்தேன். புத்தகம் வந்த பிறகு ஏழாவது முறையாகப் போனேன். எங்கேயாவது தப்பாக எழுதிவிட்டேனோ என்ற பயம். அச்சாகி வந்ததற்கு அப்புறம் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று என் மனைவி கற்பகம் கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திருக்கழுக்குன்றத்தில் அவர் ஏறினார். என் வயதுதான் இருக்கும், முப்பத்தைந்து. தோளில் ஒரு பை, கையில் நீலநிறத் தடுப்பூசிப் பெட்டி. கண்டக்டர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, "இன்னா நர்ஸம்மா, இன்னிக்கு லேட்டு?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்து, பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். அட்டையில் கவிழ்த்துப் போட்ட படகு. என் புத்தகம்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏதோ திருடியவன் போலீஸைப் பார்த்ததுபோல. அவருக்கு என் முகம் தெரிய வழியில்லை, பின் அட்டையில் என் படம் கிடையாது. ஆனாலும் நிமிர முடியவில்லை. இரண்டு வரிசை பின்னாலிருந்து அவருடைய வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். அதில் ஒரு குட்டைப் பென்சில். படிப்பார், நிறுத்துவார், ஓரத்தில் ஏதோ இரண்டு சொல் எழுதுவார், மறுபடி படிப்பார். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியபோதுகூட அவர் கண் பக்கத்தைவிட்டுப் போகவில்லை. என் நெஞ்சு லேசாக இளகியது.

அப்புறம் ஓர் இடத்தில் புத்தகத்தை மூடினார். விரல் மட்டும் உள்ளே இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த விரலையும் எடுத்துவிட்டார். புத்தகம் பைக்குள் போய்விட்டது. அவர் இறங்குவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்தக் கால் மணி நேரமும் அவர் வெறுமனே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடற்கரைச் சாலையில் ஒரு நிறுத்தத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நான் என் ஏழாவது பயணத்தை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினேன்.

புத்தகம் விற்கும் இணையதளத்தில் அதுவரை எனக்கு மூன்று விமர்சனங்கள் வந்திருந்தன. ஒன்று என் அக்கா மகன் போட்டது: "சூப்பர் மாமா, கண்ல தண்ணி வந்துடுச்சு." அவன் படிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது, ஓய்வு பெற்ற ஒருவர் ஒற்றுப்பிழைகளை எண்ணிப் போட்டிருந்தது. மூன்றாவது, ஒரே ஒரு நட்சத்திரம்: "அட்டை மடங்கி வந்தது. பேக்கிங் மோசம்." இந்த மூன்றாவதுக்கே எனக்கு ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஸ்டோர்ஸில் பேரிங் பெட்டிகளை எண்ணும்போது எண்ணிக்கை தவறி, மேனேஜரிடம் பேச்சு வாங்கினேன். போனில் ஒவ்வொரு தடவை மணி சிணுங்கும்போதும் எண்ணுவதை நிறுத்திவிடுவேன். பார்க்காமலும் இருக்க முடியாது, பார்க்கவும் தைரியம் வராது. எத்தனையோ பேரிடம் படிக்கச் சொல்லிக் கெஞ்சியவன், யாராவது படித்துவிடப் போகிறார்களே என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸில் பார்த்த நாலாம் நாள் அவருடைய விமர்சனம் வந்தது. பேர் போடவில்லை. ஆனால் படம் போட்டிருந்தார். நீலப் பெட்டியின்மேல் என் புத்தகம். இரண்டு நட்சத்திரம்.

"பக்கம் 9: பயம் வந்தது. பக்கம் 41: பயம் கூடியது, டிக்கெட் வாங்க மறந்தேன். பக்கம் 87: இன்னும் பயம். பக்கம் 112: பயம் போய்விட்டது. இங்கே அந்தப் பெண் கடலைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு கத்துகிறாள். நான் போன வீடுகளில் படகு வராத இரண்டாம் நாள் யாரும் அழுததில்லை. அழுதால் முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். அந்த வீட்டில் சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாத இடத்தில் உட்கார எழுதியவருக்குப் பயமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே மூடினேன்."

அவ்வளவுதான்.

ஸ்டோர்ஸின் பின்பக்கம் மரப்பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று அதை ஏழெட்டு முறை படித்தேன். அந்தப் பக்கத்தை நான் எப்படி எழுதினேன் என்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும். பதிப்பகத்தார் அவசரப்படுத்தினார்கள். அந்த அத்தியாயத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைக் கரைக்கு ஓடவைத்துக் கத்தவைத்துவிட்டேன். கத்தினதும் அத்தியாயம் முடிந்துவிட்டது. அன்றைக்கே மனசுக்குள் ஏதோ உறுத்தியது. யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டார் ஒருவர். பயம் அப்படியே கோபமாகத் திரும்பியது.

அன்றைக்குச் சாயங்காலம் செங்கல்பட்டில் பாபுவின் கடைக்குப் போனேன். பாபு என்னோடு பள்ளியில் படித்தவன். பழைய பைக் வாங்கி விற்கிறான். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்கள் நாலைந்தை நடத்துகிறான்.

"ரெண்டு ஸ்டாரா? யார்ரா மச்சான் அது? பேரு கூட போடாம எழுதிக்கீது."

"யாருன்னு எனக்குத் தெரியும்டா. பஸ்ல பாத்தேன்."

"இன்னாத்த பாத்த?"

சொன்னேன். நீலப் பெட்டியைச் சொன்னேன். கண்டக்டர் கூப்பிட்ட பேரைச் சொன்னேன். எந்த நிறுத்தத்தில் இறங்கினார் என்பதையும் சொன்னேன்.

"கவர்மெண்டு நர்ஸா? டூட்டி நேரத்துல கத புக்கு படிச்சுகினு போவுதா? இரு மச்சான், நான் பாத்துக்கறேன்."

"வேணாம்டா" என்றேன். ஆனால் அதை எந்தக் குரலில் சொன்னேன் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். செய்யச் சொல்லும் குரல் அது.

வீட்டுக்கு வந்து, அதே கணக்கில் அவர் மற்ற புத்தகங்களுக்கு எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். ஏதாவது அசிங்கமாக எழுதியிருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் எண்ணம். நாற்பதுக்கும் மேல் இருந்தன. ஒரு சமையல் புத்தகத்துக்கு எழுதியிருந்தார்: "பக்கம் 17: புளி எவ்வளவு என்று சொல்லவில்லை. குழம்பைக் கொட்டினேன். பக்கம் 30: ரசம் சரியாக வந்தது, மாமியார் இரண்டு முறை வாங்கினார்." ஒரு காதல் கதைக்கு: "பக்கம் 140: இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்தேன். கோபம் வரவில்லை." வெற்றி பெறும் வழி சொல்லும் ஒரு புத்தகத்துக்கு: "பக்கம் 5, 6, 7: கொட்டாவி. பக்கம் 8: இது ஆண்களுக்கு எழுதியது என்று புரிந்தது." எதிலும் நல்லது, கெட்டது, சிறந்தது, மட்டம் என்ற சொற்களே இல்லை. படிக்கும்போது தனக்கு என்ன ஆயிற்று, எந்தப் பக்கத்தில் ஆயிற்று, அவ்வளவுதான். காய்ச்சல் அட்டையில் குறிப்பதுபோலக் குறித்திருந்தார். பிடித்துக்கொள்ள ஒரு வார்த்தையும் அகப்படவில்லை. அதற்குள் எனக்குப் பாதிக் கோபம் வடிந்துவிட்டது. பாபுவுக்குப் போன் பண்ணி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். பண்ணவில்லை.

அடுத்த வாரம் அந்த விமர்சனத்தைக் காணோம். மற்ற நாற்பதையும் காணோம். அப்போதுதான் பாபுவின் செய்தி வந்தது: "மேட்டர் ஓவர் மச்சான்."

கூடவே அவன் பரப்பிய படம். அவனே போய் எடுத்திருக்கிறான். பஸ் நிறுத்தத்தில் அவர் நின்று படித்துக்கொண்டிருக்கிறார், காலடியில் நீலப் பெட்டி. கீழே அவர் பேர், குப்பத்தின் பேர். "டூட்டி நேரத்தில் கதைப் புத்தகம். இவர் கையில்தான் நம் குழந்தைகளுக்கு ஊசி. பெற்றோர்களே உஷார்." அதற்குக் கீழே யாரோ ஒருவர், ஊசி போட்டுத் தன் குழந்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், கெட்டுப்போன மருந்தாக இருக்கும் என்று எழுதியிருந்தார். அதற்கும் கீழே இன்னும் பத்துப் பேர்.

புத்தகத்துக்கு வந்த இரண்டு நட்சத்திரத்தைப் பார்த்து நான் பட்டதெல்லாம் ஒரு பயமே இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது வந்ததுதான் பயம். அதைக் கற்பகத்திடம் சொல்லாமல் இரண்டு வாரம் மறைத்தேன். பாபுவிடம் மட்டும் அழித்துவிடச் சொன்னேன். அழித்தான். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

மூன்றாவது வாரம் தடுப்பூசி போடும் நாளில் அந்தக் குப்பத்துக்குப் போனேன். அங்கன்வாடிக் கட்டடத்தில்தான் ஊசி போடுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாசலில் செருப்புகள் கிடக்கும், குழந்தைகள் அழும் என்று நினைத்துப் போனேன். வாசல் காலியாக இருந்தது. உள்ளே எடை பார்க்கும் தொட்டில் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீலப் பெட்டியின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஊசிக்கா சார்? குழந்த எங்க?"

"குழந்த இல்லீங்க. நான்…" புத்தகத்தின் பேரைச் சொன்னேன். "அத எழுதுனது நான்தான்."

அவர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"எடுத்துட்டேன் சார். அந்த மெசேஜ் வந்த அன்னிக்கே எழுதினத எடுத்துட்டேன். அக்கவுண்ட்டையே எடுத்துட்டேன், நீங்க வேணா பாருங்க." போனை எடுத்து என்னிடம் காட்ட வந்தார். தப்புத் தப்பாக அழுத்தியதில் பூட்டுத் திறக்கவில்லை. மறுபடி மறுபடி எண்ணை அழுத்தினார். "எங்க டாக்டரம்மா வெளக்கம் எழுதிக் குடுக்கச் சொன்னாங்க சார். குடுத்துட்டேன். வூட்ல கூட இன்னும் சொல்லல. இனிமே நான் படிக்கவே மாட்டேன் சார்."

எனக்கு முன்னால் நின்று ஒரு வாசகி இப்படிச் சொன்னார். வாசகரைப் பார்த்து எழுத்தாளன் பயப்படுவதைப்பற்றி அதுவரை நான் நிறைய யோசித்திருந்தேன். என்னைப் பார்த்து ஒருவர் இப்படி நடுங்குவார் என்று யோசித்ததே இல்லை.

"நான் சண்டைக்கு வரலீங்க. அந்தப் படத்தப் போட்டது என் ஃபிரண்டு. உங்க பேரு, நீங்க எங்க எறங்குவீங்க, எல்லாத்தையும் அவனுக்குச் சொன்னது நான்."

அவர் உட்கார்ந்தார். வெளியே எங்கேயோ படகு இஞ்சினைக் கிளப்பிக் கிளப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சார்?" என்று கடைசியில் கேட்டார். "நான் திட்டலியே. எனக்கு எங்க பயம் போச்சுன்னுதானே எழுதினேன். பொய்யா எழுதிட்டேனா?"

"இல்லீங்க. நீங்க எழுதுனது சரி. அதனாலதான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஏதோ பெரிய வியாதிக்காரனைப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு முன்னாலிருந்த பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பினார்.

"இன்னிக்கு பதினோரு புள்ளைங்க வரணும் சார். மூணுதான் வந்துது. போன வாரமும் இதேதான். இது தட்டம்மை ஊசி. தள்ளிக்கினே போனா எதாவது ஆயிடும். நான் போய்க் கூப்பிட்டா கதவே தொறக்க மாட்டேங்கறாங்க."

"நான் வரேங்க."

"நீங்க வந்து இன்னா சொல்லுவீங்க?"

"நடந்தத."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மணலில் என் காலணி புதைந்து புதைந்து வந்தது. முதல் வீட்டில் யாரும் இல்லை. இரண்டாவது வீட்டில் செல்வி என்றொரு இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். நர்ஸைப் பார்த்ததும் அவள் கை குழந்தையின் முதுகை இறுக்கிக்கொண்டது.

நான் சொன்னேன். திக்கித் திக்கித்தான் வந்தது. மெசேஜில் வந்தது பொய், மருந்தில் ஒரு கோளாறும் இல்லை, இவர் என் புத்தகத்தைப் பற்றி எழுதியது பிடிக்காமல் நாங்கள் செய்த வேலை இது என்றேன்.

"புக்குக்காவா?" என்றாள் செல்வி. குரல் ஏறியது. "ஒரு புக்குக்காவாய்யா எம்புள்ளைக்கு ஊசி போடாம பண்ணீங்கோ? எத்தினி நாளு பயந்துகினு கெடக்கறேன் தெரியுமா? ஏற்கெனவே போட்ட ஊசிக்கு இன்னா ஆவுமோ, ஏது ஆவுமோன்னு இத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு கீறேன்!"

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு ஆண்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் என் சட்டையின் தோள்பட்டையைப் பிடித்தார். "எந்த ஊரு நீ? போன குடு, உன் கூட்டாளி யாருன்னு பாக்கலாம்" என்றார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். விழுந்திருந்தால் நியாயம்தான். ஆனாலும் உடம்பு அப்படி நினைக்கவில்லை, அது ஓடப் பார்த்தது.

நர்ஸ் நடுவில் வந்தார். "வுடுங்கண்ணா. தானா வந்து ஒத்துக்கினாரு இல்ல? அவர அடிச்சா எனக்கு ஊசி போட நேரம் போயிடும். மருந்து இதுக்கு மேல தாங்காது. புள்ளைங்கள எடுத்துகினு வாங்க."

என்னைக் காப்பாற்ற அவர் அதைச் சொல்லவில்லை. மருந்தைக் காப்பாற்றச் சொன்னார்.

அங்கன்வாடிக்குத் திரும்பி நடக்கும்போது செல்வி என் பக்கத்தில் வந்தாள். கோபம் தணியாமலே பேசினாள். "இந்தம்மா இல்லன்னா நானே இல்ல, தெரியுமா? இவன் வவுத்துல கீறப்போ 'நல்லாத்தான் கீறேன் நர்ஸம்மா'ன்னு சொன்னேன். 'நல்லா கீறன்னு நீ சொல்றது எனக்கு வேணாம். நேத்து தலைய வலிச்சுதா, கண்ணு மங்கலாச்சா, மெட்டி டைட்டாச்சா, அதச் சொல்லு'ன்னு கேட்டுச்சு. மெட்டிய கழட்டவே முடியல. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போச்சு. ரத்தக்கொதிப்பாம். ஒரு நாளு வுட்டிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்னாங்க." குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "அப்படியாப்பட்ட எனக்கே அந்த மெசேஜப் பாத்ததும் பயம் வந்துடுச்சுய்யா."

அன்று இன்னும் ஐந்து குழந்தைகள் வந்தன. அடுத்த வாரம் இரண்டு. ஒரு குடும்பம் மட்டும் மரக்காணம் பக்கம் சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டதாம். அந்தக் குழந்தைக்கு ஊசி போட்டார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கற்பகத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸின் மருத்துவ அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். கற்பகம் அதை வாங்கிப் படித்தாள். "இதுல 'என் நண்பர்' எத்தன எடத்துல வருது, 'நான்' எத்தன எடத்துல வருது, எண்ணிப் பாத்தியா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி எழுதினேன். விளக்கம் கேட்டதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. சில மாதங்களில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. இதனால்தானா, வழக்கமான மாற்றலா, கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதற்கு நடுவில் நாவலுக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த கதறலை எடுத்தேன். எடுத்த இடத்தில் என்ன வைப்பது என்று தெரியாமல் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மாதம்தான் நான் எழுதக் கற்றுக்கொண்ட காலம் என்று சொல்வேன். விமர்சனங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. படிக்கும்போது கட்டைவிரலால் நட்சத்திரங்களை மறைத்துக்கொள்வேன். இந்த ஆள் சொல்வது எந்தப் பக்கத்தில் நடந்திருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். பக்கம் அகப்பட்டால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துப் படிப்பேன். அகப்படாவிட்டால் விட்டுவிடுவேன். ஒரு நாள் முழுசாகக் கழியும்வரை அதைப்பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஓடி ஒளியத் தோன்றுவது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

ஆனால் ஒன்றை நான் செய்யவில்லை. அவருக்கும், பாபுவுக்கும், அந்தக் குப்பத்துப் பத்துப் பேருக்கும், ஒரு டாக்டருக்கும், என் மனைவிக்கும் தவிர, நான் செய்தது யாருக்கும் தெரியாது. பாபுவின் படம் போய்ச் சேர்ந்த போன்களிலெல்லாம் அது அப்படியேதான் இருந்தது. அதில் இருப்பது பொய், அதற்குக் காரணம் நான் என்று பொதுவில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. எழுத்தாளன் என்று அப்போதுதான் நாலு பேர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பேர் போய்விடுமே என்ற பயம்.

என் இரண்டாவது புத்தகம் வந்த சில மாதங்களுக்குப் பிறகு அவரைக் கடைசியாகப் பார்த்தேன். மாமல்லபுரம் பஸ் நிலையம், பகல் நேரம், சுற்றுலா வந்த கூட்டம். அவர் கையில் ஒரு மருந்துக்கடைப் பை. அவர்தான் என்னை முதலில் பார்த்தார். பார்த்ததும் முகம் ஒரு கணம் இறுகிப் பிறகு சிரித்தது.

"நல்லா இருக்கீங்களா சார்? உங்க ரெண்டாவது புக்கு படிச்சேன்."

அந்தப் புத்தகத்தை அவர் படிக்கவேண்டும் என்றுதான் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதினேன். எங்கே மூடினார், எங்கே டிக்கெட் வாங்க மறந்தார் என்று தெரிந்துகொள்ள எவ்வளவோ ஆசை.

"எந்தப் பக்கத்துல…" என்று ஆரம்பித்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தெருவில் ஒரு நாயைக் கடந்து போவதற்கு முன், அது கட்டியிருக்கிறதா என்று பார்ப்போமே, அப்படி.

"நல்லா இருந்துச்சு சார்."

"எங்கயாவது நிறுத்தினீங்களா? சும்மா சொல்லுங்க. ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"இல்ல சார். எல்லாமே நல்லா இருந்துச்சு." சிரிப்பு மாறவே இல்லை. "பஸ்ஸு வந்துடுச்சு, வரேன் சார்."

அவர் கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தப் புத்தகத்துக்கும் எழுதாத அந்த 'நல்லா'வை எனக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். என்னிடம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். பஸ்ஸில் பார்த்ததிலிருந்து, பாபுவின் கடையில் நான் சொன்னது, எந்தக் குரலில் 'வேணாம்' என்றேன் என்பது, காலியாக ஆடிய தொட்டில், எல்லாவற்றையும். என் பேரில், என் இணையப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி போட்டேன். போடும்போது கற்பகம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாபு இருக்கும் குழுக்களுக்கும் அனுப்பினேன். அவன் அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை.

திட்டினார்கள். நாள்கணக்கில் திட்டினார்கள். என் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டதாகப் படத்தோடு எழுதினார்கள். ஒன்று விடாமல் படித்தேன். அந்தப் படத்தை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பியவர்களில் சிலர், தாங்களும் அழித்துவிட்டதாக எழுதினார்கள். அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

இன்னொன்றும் நடந்தது. நிறையப் பேர் அவர் யார் என்று கேட்டார்கள். ஒரு வாசகர் வட்டத்தார் அவரை அழைத்துப் பாராட்ட வேண்டும் என்றார்கள். ஒரு பதிப்பாளர், அவரை எல்லாப் புத்தகத்துக்கும் இதேபோல் எழுதச் சொல்லலாமே, தொடர்பு எண் கொடுங்கள் என்றார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள்.

யாருக்கும் சொல்லவில்லை. ஒரு தடவை அந்தப் பேர் என் வாயிலிருந்து போனதே போதும். இதை எழுதும்போதுகூட அவர் ஏறிய ஊரை மாற்றியும், இறங்கிய ஊரைச் சொல்லாமலும்தான் எழுதியிருக்கிறேன்.